பிறந்த வீட்டுச் சீரும் விடுதலைப் பத்திரமும்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சொத்தில் மகளுக்குச் சம பங்கு என்பது தமிழ்நாட்டைப் பொறுத்தவரை முடிந்துபோன விவகாரம் என்ற எண்ணம் படித்தவர்களிடையே பரவலாக இருக்கிறது. 1929-ல் செங்கல்பட்டில் கூடிய சுயமரியாதை மாநாடு பெண்களுக்குச் சொத்துரிமை வேண்டும் என்று தீர்மானம் போட்டது. அறுபது ஆண்டுகள் கழித்து, 1989 மார்ச் 25 முதல், கூட்டுக் குடும்பச் சொத்தில் மகளும் பிறப்பாலேயே பங்காளி என்று தமிழ்நாடு அரசு சட்டம் செய்தது. அந்தத் தேதிக்கு முன் மணமாகிப் போன மகள்களை அந்தச் சட்டம் விட்டுவிட்டது. 2005 செப்டம்பர் 9-ல் நடைமுறைக்கு வந்த மத்திய அரசின் திருத்தம் அந்தக் குறையையும் நீக்கியது. தகப்பனார் 2005-க்கு முன்பே காலமாகியிருந்தாலும் மகளின் உரிமை போகாது என்று 2020 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. இவ்வளவும் உண்மை. ஆனால், சென்னையில் நெடுங்காலம் ஆவண எழுத்தராகத் தொழில் செய்து ஓய்வுபெற்றவன் என்ற முறையில், சட்டம் ஒரு கையால் கொடுத்ததைக் குடும்ப வழக்கம் எப்படி ஒரே கையெழுத்தில் திரும்ப வாங்கிக்கொள்கிறது என்பதைத் தங்கள் வாசகர்களின் கவனத்துக்குக் கொண்டுவர விரும்புகிறேன்.

முதலில் ஒரு தவறான புரிதலைச் சொல்லிவிட வேண்டும். மகளின் பங்கைப் பற்றிப் பேச்செடுத்தாலே, ‘அது பூர்வீகச் சொத்துக்குத்தானே, இது அப்பா சம்பாதித்த வீடு ஆயிற்றே’ என்று சொல்பவர்கள் சென்னையில் ஏராளம். உண்மை இதற்கு நேர்மாறானது. தகப்பனார் தம் சம்பாத்தியத்தில் வாங்கிய வீட்டை அவர் விரும்பியவருக்கு உயில் எழுதி வைக்கலாம்; அதை யாரும் தடுக்க முடியாது. உயில் எழுதாமல் அவர் கண்ணை மூடிவிட்டால், 1956-ஆம் ஆண்டு இந்து வாரிசுரிமைச் சட்டப்படி அவருடைய மனைவி, மகன்கள், மகள்கள், உயிரோடிருந்தால் அவருடைய தாயார் ஆகிய எல்லோருக்கும் சரிசமமான பங்கு உண்டு. 1989-க்கும் 2005-க்கும் இதில் வேலையே இல்லை. எழுபது ஆண்டுகளாக இதுதான் சட்டம். தி. நகரிலோ கொளத்தூரிலோ ஒருவர் அலுவலகக் கடன் வாங்கிக் கட்டிய வீட்டில் அவருடைய மகளுக்கு உள்ள பங்கு மகனுடைய பங்குக்கு ஓர் அணாவும் குறைந்ததல்ல. ஆனாலும் 1956-ஆம் ஆண்டுச் சட்டமே வழக்கத்துக்கு ஓரளவு பணிந்துதான் எழுதப்பட்டது. குடும்பம் குடியிருக்கும் வீட்டை ஆண் வாரிசுகள் தாங்களாகப் பிரிக்க முன்வரும்வரை பெண் வாரிசு பிரிக்கச் சொல்லிக் கேட்க முடியாது என்று அதன் 23-ஆம் பிரிவு சொல்லியது. அந்தப் பிரிவை நீக்குவதற்கு 2005 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. நகரத்துக் குடும்பங்களில் பெரும்பாலானவற்றுக்குக் குடியிருக்கும் வீட்டைத் தவிர வேறு சொத்து கிடையாது என்பதை எண்ணிப் பார்த்தால், அந்த ஒரு பிரிவு எத்தனை மகள்களை வாசலிலேயே நிறுத்தி வைத்திருந்தது என்பது விளங்கும்.

சட்டத்தில் தடை போனது. அதே வேலையை இப்போது செய்வது விடுதலைப் பத்திரம். ஒரு சொத்தில் பங்குள்ள ஒருவர் தம் பிரிபடாத பாகத்தை மற்றப் பங்குதாரருக்கு விட்டுக்கொடுப்பதற்கான ஆவணம் அது. குடும்பத்துக்குள் எழுதுவதென்றால் முத்திரைத் தீர்வைக்கும் பதிவுக் கட்டணத்துக்கும் உச்சவரம்பு உண்டு என்பதால் செலவும் குறைவு. தம்பிக்கு அண்ணன் எழுதிக் கொடுக்கலாம், தங்கைக்கு அண்ணன் எழுதிக் கொடுக்கலாம், அக்காவுக்குத் தம்பி எழுதிக் கொடுக்கலாம். சட்டத்தின் கண்ணில் எல்லாம் ஒன்றுதான். நடைமுறையில் என் மேசைக்கு வந்தவற்றுள் மிகப் பெரும்பாலானவை உடன்பிறந்தான்களுக்குச் சகோதரிகள் எழுதிக் கொடுத்தவை. எதிர்த்திசையில் எழுதப்பட்டவற்றை விரல்விட்டு எண்ணிவிடலாம். அந்தப் பத்திரங்களில் தவறாமல் இடம்பெறும் வாசகம் ஒன்று உண்டு: ‘எனக்குச் செய்ய வேண்டிய திருமணச் செலவு, நகை, சீர்வரிசை முதலியவை அனைத்தும் ஏற்கெனவே செய்து முடிக்கப்பட்டுவிட்டபடியால்’. இந்த வாசகம் இருந்தே ஆக வேண்டும் என்று எந்தச் சட்டமும் சொல்லவில்லை. குடும்பத்தார் கேட்டு எழுதச் சொல்வது அது.

சென்னைக்கே உரிய இன்னொரு நிலைமையும் உண்டு. தகப்பனார் இறந்து இருபது முப்பது ஆண்டுகள் வரை பத்திரம் பற்றி யாரும் நினைப்பதில்லை. கீழ்த்தளத்தில் அண்ணன், மாடியில் தம்பி, சொத்து வரி இன்னும் அப்பா பெயரிலேயே. ஒரு நாள் பழைய வீட்டை இடித்து அடுக்குமாடி கட்டித் தருவதாக பில்டர் ஒருவர் வருகிறார். அவருடைய வழக்கறிஞர் தாய்ப்பத்திரத்தையும் வாரிசுச் சான்றிதழையும் கேட்கிறார். தாசில்தார் அலுவலகத்தில் பெற்ற அந்தச் சான்றிதழில் மகள்களின் பெயர்களும் இருக்கின்றன. அன்றுதான் விழுப்புரத்திலோ ஓசூரிலோ வாழ்க்கைப்பட்டிருக்கும் சகோதரிகளின் நினைவு வருகிறது. பட்டுப்புடவையும் பழத்தட்டும் காரில் போகின்றன. ‘ஒரு கையெழுத்துத்தான் அக்கா, ஆபீஸ் வேலை, அரை மணி நேரம்’ என்று சொல்லித்தான் அழைத்து வருகிறார்கள். அந்த அரை மணி நேரத்தில் கைமாறுவது என்ன விலை பெறும் என்பதை, அந்தத் தெருவுக்கு அரசு வைத்திருக்கும் நில விலையான வழிகாட்டி மதிப்பை மனைப் பரப்பால் பெருக்கி வாரிசுகளின் எண்ணிக்கையால் வகுத்தால் யாரும் கண்டுகொள்ளலாம். ஒரு கிரவுண்டு, அதாவது 2,400 சதுர அடி மனையில் நான்கில் ஒரு பங்கு என்பது அறுநூறு சதுர அடி. சென்னையில் அறுநூறு சதுர அடி நிலம் என்ன விலை என்பதைத் தங்கள் நாளிதழின் விளம்பரப் பக்கத்தைப் பார்ப்பவர்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை. அந்தக் கணக்கை அந்தச் சகோதரிகளிடம் போட்டுக் காட்டுவது யாருடைய வேலையும் அல்ல என்பதுதான் நிலைமை.

அவர்கள் ஏமாற்றப்படுகிறார்கள் என்று மட்டும் சொன்னால் அது முழு உண்மையாகாது. பலர் தெரிந்தேதான் கையெழுத்துப் போடுகிறார்கள். பட்டம் பெற்று நல்ல வேலையில் இருக்கும் பெண்களும் போடுகிறார்கள். காரணம் கேட்டால் ஏறக்குறைய எல்லோரும் ஒரே பதிலைத்தான் சொல்வார்கள்: ‘நாளைக்கு ஒரு நல்லது கெட்டது என்றால் பிறந்த வீடு வேண்டாமா?’ வயதானவர்கள் இன்னும் வெளிப்படையாக, ‘எனக்குக் கோடி போட ஆள் வேண்டாமா?’ என்பார்கள். கணவன் இறந்தாலும் தானே இறந்தாலும் பிறந்த வீட்டிலிருந்து கோடிப் புடவை வந்தாக வேண்டும். வராவிட்டால் ஊர் என்ன சொல்லும் என்ற அச்சம் அது. நகரவாசிகள் சிரிக்கலாம். ஆனால் அந்த ஒரு புடவைக்குப் பின்னால் ஒரு முழு ஏற்பாடு இருந்தது. தலை தீபாவளி, தலைப் பொங்கல், ஆடிச் சீர், வளைகாப்பு, தாய்வீட்டில் முதல் பிரசவம், பிள்ளைக்குக் காதுகுத்தும்போது தாய்மாமன் மடி, பெண் பெரியவளானால் மாமன் சீர் என்று, மணமாகிப் போன பெண்ணுக்குச் சகோதரன் ஆயுள் முழுவதும் கடன்பட்டிருந்தான். புகுந்த வீட்டில் அடி உதை என்றால் போய் நின்று கேட்பதும் அவன் கடமை. கணவனை இழந்து திரும்பி வந்தால் ஓர் அறை ஒதுக்கிக் கொடுப்பதும் அவன் கடமை. நிலமும் வீடும் அவனிடம் இருந்தன, விளைச்சலில் ஒரு பகுதி ஆண்டுதோறும் அவளைத் தேடிப் போயிற்று. சமமான ஏற்பாடு என்று அதைச் சொல்ல மாட்டேன். ஆனால் இரண்டு பக்கமும் பொறுப்பு இருந்த ஏற்பாடு அது.

இந்த நகரத்தில் அந்த ஏற்பாட்டின் ஒரு பக்கம் தேய்ந்துவிட்டது. பொங்கல் சீர் இப்போது ஜிபேயில் ஐந்நூறோ ஆயிரமோவாக வந்து சேர்கிறது. (கூடவே ஒரு கரும்புப் படமும் வாட்ஸ்அப்பில் வரும்.) பிரசவம் மருத்துவமனையில், செலவு கணவனின் காப்பீட்டில். திரும்பி வந்த பெண்ணுக்கு ஒதுக்க, இரண்டு படுக்கையறை வீட்டில் அறை ஏது? சகோதரன் ஹூஸ்டனில் இருந்தால் தாய்மாமன் மடிக்குக்கூட வேறு யாரையாவது உட்கார வைக்க வேண்டியிருக்கிறது. இவற்றில் எதற்கும் யாரையும் குறை சொல்ல முடியாது. வாழ்க்கை அப்படி மாறிவிட்டது. ஆனால் கடமைகள் எல்லாம் காலத்துக்கேற்பச் சுருங்கியபோது, அந்தக் கடமைகளுக்கு ஈடாக அவள் விட்டுக்கொடுத்த பங்கு மட்டும் ஏன் பழைய அளவிலேயே இருக்க வேண்டும் என்பதுதான் என் கேள்வி. பங்கின் மதிப்போ, மனை விலை ஏற ஏற, பல மடங்காகிவிட்டது.

‘கல்யாணத்துக்கே அவ்வளவு செலவு செய்தோமே, அதுதானே அவள் பங்கு’ என்ற வாதத்தையும் பார்த்துவிட வேண்டும். சாப்பாட்டுக்கும் மண்டபத்துக்கும் ஆன செலவு அவள் கைக்குப் போனதல்ல. மணமகனுக்கும் அவன் வீட்டாருக்கும் செய்த சீரும் அவள் கைக்கு வந்ததல்ல. மிஞ்சுவது நகை. அதுவும் அவளுடைய தனிச்சொத்து என்று சட்டம் சொன்னாலும், புகுந்த வீட்டில் முதல் நெருக்கடி வரும்போது அடகுக் கடைக்குப் போவது அதுதான். கணவனின் தொழிலுக்கோ நாத்தனாரின் திருமணத்துக்கோ போன நகை மீண்டும் அவள் கழுத்துக்கு வந்த குடும்பங்கள் உண்டு, வராத குடும்பங்களும் உண்டு. திருமணத்தின்போது கொடுக்கப்படும் பொருள்களுக்குப் பட்டியல் எழுதிக் கையொப்பமிட்டு வைக்க வேண்டும் என்று 1985 முதல் விதி இருக்கிறது. மொய் நோட்டில் ஐம்பத்தோரு ரூபாயைக்கூட விடாமல் எழுதுகிற நம்மவர்களில் அந்தப் பட்டியலை எழுதியவர்களை நான் பார்த்ததில்லை. ஆக, பிறந்த வீட்டில் அவளுடைய பங்கு நகையாக மாறுகிறது. புகுந்த வீட்டில் அந்த நகை குடும்பத்தின் பொது நிதியாக மாறுகிறது. அந்தப் பொது நிதியில் வாங்கிய மனை கணவன் பெயரில் பதிவாகிறது. வீட்டைக் கவனித்துக்கொண்டு கணவனைச் சம்பாதிக்க விட்ட மனைவியின் உழைப்பும் அந்தச் சொத்தை வாங்குவதில் அளித்த பங்களிப்புத்தான் என்று 2023 ஜூனில் சென்னை உயர் நீதிமன்றம் சொன்னது ஆறுதலான விஷயம். 2024-ஆம் ஆண்டுக்கான தேசிய நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பின்படி, ஊதியமில்லாத வீட்டு வேலை செய்யும் பெண் நாளொன்றுக்குச் சராசரியாக 289 நிமிடமும், அதைச் செய்யும் ஆண் 88 நிமிடமும் அதற்குச் செலவிடுகிறார்கள் என்பதைப் பார்க்கும்போது, அந்தத் தீர்ப்பு எவ்வளவு தாமதமாக வந்தது என்றுதான் தோன்றுகிறது.

வீட்டுக்குள் அன்றாடம் நடக்கும் பங்கீடும் இதே போக்கில்தான் இருக்கிறது. ஆண்களும் பிள்ளைகளும் சாப்பிட்ட பிறகு மிஞ்சிய குழம்பில் பெண் சாப்பிடும் வழக்கத்தைப் பற்றி நிறையப் பேர் எழுதிவிட்டார்கள். அதற்குப் பெண்கள் தாங்களே கண்டுபிடித்த மாற்று சிறுவாடு: வீட்டுச் செலவில் மிச்சம் பிடித்து, அரிசி டின்னிலும் அஞ்சறைப் பெட்டியிலும் கணவனுக்குத் தெரியாமல் சேர்த்த காசு. 2016 நவம்பரில் பழைய நோட்டுகள் செல்லாது என்று அறிவித்தபோது அந்தக் காசு முழுவதும் ஒரே வாரத்தில் வெளிச்சத்துக்கு வந்தது. தன் பெயரில் வங்கிக் கணக்கு இல்லாதவர்கள் பலர் அதைக் கணவனிடமோ மகனிடமோ கொடுத்துத்தான் மாற்றினார்கள். அரசு தரும் மகளிர் உரிமைத் தொகை நேராகப் பெண்ணின் வங்கிக் கணக்குக்கு வருவதன் அருமை இதை நினைத்தால்தான் புரியும். அதிலும் ஒரு குடும்ப அட்டைக்கு ஒரு பெண்தான் என்பதால், மாமியாரும் மருமகளும் ஒரே அட்டையில் இருக்கும் வீடுகளில் அது யாருக்கு என்பதை மீண்டும் வழக்கமே முடிவு செய்கிறது.

இதைவிட என்னை அதிகம் கவலைப்படச் செய்தது தாய்மார்களின் கையெழுத்து. கணவனின் வீட்டில் மனைவிக்கும் பிள்ளைகளுக்குச் சமமான பங்கு உண்டு என்று முன்பே சொன்னேன். அவர் இறந்த சில மாதங்களில், ‘அம்மாவுக்கு எதற்குத் தனியாக, எப்படியும் எங்களோடுதானே இருக்கப்போகிறாள்’ என்று அந்தப் பங்கையும் மகன் பெயருக்கு எழுதி வாங்கிவிடுகிறார்கள். பெற்றோரையும் முதியோரையும் பராமரிப்பதற்கான 2007-ஆம் ஆண்டுச் சட்டத்தின் 23-ஆம் பிரிவு, கவனித்துக்கொள்ள வேண்டும் என்ற நிபந்தனையோடு எழுதிக் கொடுத்த சொத்தை, அந்த நிபந்தனை மீறப்பட்டால் மீட்டுக்கொள்ள வழி செய்கிறது. நிபந்தனை பத்திரத்திலேயே இருந்தால் அந்தத் தாயின் நிலை உறுதியாக இருக்கும். ‘அம்மா பெயரில் நிபந்தனை போட்டால் எங்களை நம்பாத மாதிரி இருக்கிறதே’ என்று அதை நீக்கச் சொல்லாத மகன் அபூர்வம். தாய்க்கு ஆயுள் உள்ளவரை குடியிருக்கும் உரிமையை ஒதுக்கி எழுதுவது இன்னும் எளிது, அதையும் கேட்பாரில்லை. இதில் ஒரு வேடிக்கை: அதே 2007-ஆம் ஆண்டுச் சட்டம் பெற்றோரைப் பராமரிக்கும் பொறுப்பை மகனுக்கும் மகளுக்கும் வேறுபாடின்றிச் சுமத்துகிறது. மருத்துவமனை வராந்தாவில் இரவு முழுவதும் உட்கார்ந்திருக்கும் மகள்களை இந்த நகரத்தில் எங்கும் பார்க்கலாம். கடமையைச் சமமாகப் பெற்றுக்கொண்டவர் பங்கை மட்டும் ஏன் விட்டுக்கொடுக்க வேண்டும்?

சகோதரர்கள் எல்லோரும் பேராசைக்காரர்கள் என்று யாரும் எண்ணிவிட வேண்டாம். தகப்பன் விட்டுப்போன கடனை அடைத்து, இரண்டு தங்கைகளுக்கு மணம் முடித்து, நாற்பது வயதில் தான் கல்யாணம் செய்துகொண்ட அண்ணன்களுக்கும் நான் பத்திரம் எழுதியிருக்கிறேன். அப்படிப்பட்டவருக்குத் தங்கை மனமுவந்து விட்டுக்கொடுத்தால் அதில் குறை காண நாம் யார்? நான் கேட்பது கணக்கு. செய்த செலவை எழுதுங்கள், பராமரிப்பை எழுதுங்கள், அதற்கு ஒரு தொகை போடுங்கள், மீதியைக் கொடுங்கள். குடும்பத்துக்குள் கணக்குப் பார்ப்பது அன்பைக் கெடுக்கும் என்பவர்கள் செட்டிநாட்டைப் பார்க்கலாம். அங்குள்ள நகரத்தார் சமூகத்துக் குடும்பங்களில் மகனுக்கு மணமானதும் ‘வேறு வைத்தல்’ என்று ஒரு வழக்கம் இருந்தது. அதே பெரிய வீட்டில், அதே கூரையின் கீழ், புது மணமக்களுக்குத் தனி அடுப்பு; ஆண்டுக்கு இவ்வளவு அரிசி, இவ்வளவு பணம் என்று பெற்றோர் அளந்து கொடுத்துவிடுவார்கள்; அதற்குள் அவர்கள் குடித்தனம் நடத்திக்கொள்ள வேண்டும். அளந்து கொடுத்ததால் அந்தக் குடும்பங்கள் சிதறிப்போகவில்லை; அந்த வீடுகளில் நல்லது கெட்டது எல்லாம் ஒன்றாகவேதான் நடந்தது. அந்த வழக்கமும் மகன்களை மட்டுமே கணக்கில் எடுத்துக்கொண்டது என்பதையும் சொல்லத்தான் வேண்டும்.

இனி என் வேண்டுகோள். பதிவுச் சட்டப்படி சார்பதிவாளர் கேட்டறிய வேண்டியது, இந்த ஆவணத்தை எழுதிக் கொடுத்தவர் இவர்தானா, எழுதிக் கொடுத்ததை ஒப்புக்கொள்கிறாரா என்பதைத்தான். ‘ஆமாம்’ என்று ஒரு சொல், கைரேகை, புகைப்படம், அவ்வளவில் முடிந்துவிடுகிறது. குடும்பத்துக்குள் எழுதப்படும் விடுதலைப் பத்திரங்களுக்கு மட்டுமாவது, விட்டுக்கொடுப்பவரைத் தனியே அழைத்து, உடன்பிறந்தான்கள் வெளியே நிற்க, அவருடைய பங்கு எத்தனை சதுர அடி, வழிகாட்டி மதிப்பின்படி அதன் தொகை எவ்வளவு என்று வாய்மொழியாகத் தமிழில் படித்துச் சொல்லி, அதன் பிறகு அந்தக் கேள்வியைக் கேட்க வேண்டும். தீர்வை கணக்கிடுவதற்காக அந்த மதிப்பு ஏற்கெனவே பத்திரத்தில் எழுதப்பட்டுத்தான் இருக்கிறது. விட்டுக்கொடுப்பவர் காதில் அது விழ வேண்டும் என்பதே நான் கேட்பது. பத்திரத்தின் வரைவை ஒரு வாரம் முன்னதாக அவர் கையில் கொடுத்ததற்கு ஓர் ஒப்புகையையும் இணைக்கச் சொல்லலாம். ஆவண எழுத்தர்களுக்கு இது சிரமமான வேலையல்ல. பெண்கள் பெயரில் பதியும் பத்து லட்சம் ரூபாய் வரையிலான சொத்துகளுக்கு 2025 ஏப்ரல் முதல் பதிவுக் கட்டணத்தில் ஒரு சதவீதம் குறைத்திருக்கும் அரசு, பெண்கள் தங்களுக்கு ஏற்கெனவே இருக்கும் சொத்தை விட்டுக்கொடுக்கும் இடத்திலும் சற்று நின்று பார்க்கலாம். இதற்குச் சட்டமன்றம் கூடவேண்டியதில்லை என்றே நினைக்கிறேன். பதிவுத் துறைத் தலைவரின் சுற்றறிக்கை ஒன்றில் தொடங்கலாம். தங்கள் நாளிதழ் இதைத் துறையின் பார்வைக்குக் கொண்டுசெல்லும் என்று நம்புகிறேன்.

இங்ஙனம்,
ஓய்வுபெற்ற ஆவண எழுத்தர் ஒருவர்,
பெரம்பூர், சென்னை.